புரொபேட் வாங்கிவிட்டால் வழக்கு முடிந்ததா?



காரைக்குடி கடைத்தெருவில் நல்ல இடத்தில் ஒரு கடை பூட்டிக் கிடந்தால், "வியாபாரம் நொடித்துப் போச்சா?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். விசாரித்தால் பல நேரங்களில் பதில் வேறாக இருக்கும். வியாபாரம் நன்றாகவே நடந்தது, முதலாளி காலமானார், பீரோவிலிருந்து உயில் ஒன்று வெளிவந்தது, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது, கடைக்குப் பூட்டு விழுந்தது. பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் முகப்பு முதல் பின்கட்டு வரை பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பலவற்றுக்கும் கதை இதுதான்.

"அதுதான் கோர்ட்டில் புரொபேட் வாங்கியாச்சே, இனி என்ன?" என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. புரொபேட் வந்தபின்பும் வழக்கு வரலாம். கொடுத்த புரொபேட்டை நீதிமன்றமே ரத்து செய்யலாம். அப்படி ரத்தானால் அது அந்தக் குடும்பத்தோடு நிற்பதில்லை. அந்தக் கடைக்குச் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி, அந்தக் கடைக்குப் பாக்கி தர வேண்டியவர், அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர் எல்லோரையும் அது தொடும். ஆகவே இந்த விஷயத்தை வியாபாரியின் கண்ணோட்டத்தில் நாம் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புரொபேட் என்பது என்ன?

உயிலை எழுதியவர், "நான் காலமான பின் என் சொத்தை இன்ன விதமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் இவர்" என்று ஒருவரை உயிலிலேயே நியமித்திருப்பார். அவரை நிறைவேற்றுநர் என்கிறோம். வழக்கறிஞர்கள் எக்ஸிக்யூட்டர் என்பார்கள். அந்த நிறைவேற்றுநர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, உயில் உண்மையானது என்று மெய்ப்பித்தால், நீதிமன்றம் தன் முத்திரையிட்டு உயிலின் நகலை அவரிடம் கொடுக்கும். அதுவே புரொபேட். உயிலில் நிறைவேற்றுநர் பெயர் இல்லாவிட்டால் நிர்வாகப் பத்திரம் என்ற பெயரில் அதே மாதிரி அதிகாரம் தரப்படும். இரண்டுக்கும் அடிப்படை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்.

இதில் ஒன்றை நாம் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். புரொபேட் கொடுக்கும் நீதிமன்றம், "இது இன்னார் எழுதிய கடைசி உயில்தான், சுயபுத்தியோடு, முறைப்படி எழுதப்பட்டதுதான்" என்று மட்டுமே சொல்கிறது. "உயிலில் கண்ட சொத்தெல்லாம் அவருக்கே சொந்தமானது" என்று அது சொல்வதில்லை. நம் பகுதியில் ஒரே வீட்டில் எத்தனையோ புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும். பங்காளிகள் ஐந்து பேருக்கும் பாத்தியப்பட்ட வீட்டை ஒருவர் தன் மகனுக்கு முழுவதுமாக எழுதி வைத்து, அந்த உயிலுக்குப் புரொபேட்டும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்ற நால்வர் பங்கு அதனால் போய்விடாது. உயிலால் போவது எழுதியவர் பங்கு மட்டுமே.

காரைக்குடிக்கு ஒரு விதி, சென்னைக்கு ஒரு விதி

நீண்ட காலமாக ஒரு வேறுபாடு இருந்து வந்தது. சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் அசல் எல்லைக்குள்ளும், பழைய வங்காள மாகாண ஆட்சிக்கு உட்பட்டிருந்த பகுதியிலும் இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் புரொபேட் கட்டாயம். அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனை பற்றி வெளியூரில் எழுதினாலும் கட்டாயம். சட்டத்தின் 57, 213-ஆவது பிரிவுகள் அப்படி வைத்திருந்தன. காரைக்குடியில் இருந்துகொண்டு காரைக்குடிச் சொத்தைப் பற்றி மட்டும் உயில் எழுதியவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் அதே உயிலில் சென்னை சௌகார்பேட்டையில் உள்ள ஒரு கிடங்கையும் சேர்த்து எழுதியிருந்தால், அந்தக் கிடங்குக்காகப் புரொபேட் வேண்டியிருந்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் 213-ஆவது பிரிவை நீக்கிவிட்டது. கட்டாயம் போயிற்று. ஆனால் புரொபேட் போகவில்லை. வேண்டுபவர் இன்றும் வாங்கலாம். உயில் பற்றித் தகராறு உள்ள குடும்பத்திலும், பெரிய தொகை, பல ஊர்ச் சொத்து உள்ள இடத்திலும் வாங்குவதுதான் பாதுகாப்பு. ஏற்கெனவே வாங்கிய புரொபேட்டுகளும் இருக்கின்றன. அவற்றை ரத்து செய்யக் கோரும் வழியும் அப்படியே இருக்கிறது.

கொடுத்ததைத் திரும்பப் பெறும் அதிகாரம்

அந்த வழி 263-ஆவது பிரிவு. "நியாயமான காரணம்" இருந்தால் புரொபேட்டை ரத்து செய்யலாம் என்று அது சொல்கிறது. எவை நியாயமான காரணம் என்பதையும் ஐந்து வகையாக அதுவே வரையறுக்கிறது. நமக்குப் புரியும் விதமாக அவற்றைச் சொல்கிறோம்.

ஒன்று, வழக்கு நடந்த முறையிலேயே அடிப்படைக் குறை. அதிகாரம் இல்லாத நீதிமன்றம் கொடுத்திருந்தாலும், நோட்டீஸ் கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் விட்டிருந்தாலும் இதில் அடங்கும்.

இரண்டு, பொய் சொல்லியோ முக்கியமான விஷயத்தை மறைத்தோ வாங்கியது.

மூன்று, வேண்டுமென்று சொன்ன பொய்யாக இல்லாவிட்டாலும், அடிப்படையான ஒரு தகவல் தவறாக இருந்தது. தெரியாமல் சொன்னாலும் காரணம் காரணமே.

நான்கு, சூழ்நிலை மாறி அந்தப் புரொபேட் பயனற்றுப் போனது. உதாரணமாக, அதை வாங்கியவர் பின்னால் சித்தசுவாதீனம் இழந்துவிட்டால்.

ஐந்து, இதைத்தான் நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. கணக்குக் காட்டாதது. புரொபேட் பெற்றவர் 6 மாதத்திற்குள் சொத்து, கடன், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இதை 317-ஆவது பிரிவு சொல்கிறது. தக்க காரணமின்றி வேண்டுமென்றே கணக்குக் காட்டாமலிருந்தாலும், முக்கியமான இனத்தில் பொய்க் கணக்குக் காட்டினாலும் புரொபேட்டையே இழக்க நேரும். ஆண்டு முடிந்ததும் ஐந்தொகை எடுத்துப் பழகிய ஊர் நம் ஊர். உயில் சொத்துக்கு மட்டும் ஐந்தொகை வேண்டாம் என்றால் எப்படி?

பெரும்பாலும் சறுக்குவது நோட்டீஸில்தான்

ரத்து கோரும் மனுக்களில் அடிக்கடி வரும் புகார், "எனக்குச் சொல்லவே இல்லை" என்பது. மூத்த மகன் மனுப் போடுகிறார். மனுவில் வாரிசுகள் என்று தன்னையும் தம்பியையும் மட்டும் காட்டுகிறார். கட்டிக்கொடுத்த சகோதரியின் பெயர் இல்லை. எதிர்ப்பவர் யாருமில்லாததால் வழக்குச் சுலபமாக முடிந்து புரொபேட் கிடைத்துவிடுகிறது. இரண்டு வருஷம் கழித்துச் சகோதரி வந்து நிற்கிறார். இப்படி ஒருவரை மறைத்து வாங்கியது ஐந்து காரணங்களில் முதலாவதிலும் விழும், இரண்டாவதிலும் விழும்.

"பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைக் கல்யாணத்தின்போதே செய்தாயிற்று" என்ற பேச்சு இங்கே எடுபடாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகனோடு மகளும் முதல் வகுப்பு வாரிசு. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டு வந்தது. 2005-இல் மத்தியச் சட்டமும் அதைச் சொன்னது. உயில் இல்லையென்றால் யாருக்குப் பங்கு வருமோ, அவருக்கு உயிலைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையும் உண்டு. உயிலில் அவருக்கு ஒரு ரூபாய்கூட எழுதியிருக்காவிட்டாலும் நோட்டீஸ் போக வேண்டும்.

அதேபோலப் பிள்ளை கூட்டிய குடும்பங்கள். செல்லுபடியாகும் சுவீகாரத்தைச் சுவீகாரத் தந்தை பின்னால் ரத்து செய்ய முடியாது என்று 1956-ஆம் ஆண்டின் சுவீகாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சுவீகாரம் செய்துகொண்டதால் தன் சொத்தை விற்கவோ உயில் எழுதவோ உள்ள உரிமை போய்விடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கூட்டிக்கொண்ட பிள்ளைக்கு ஒன்றும் தராமல் தன் சொந்தச் சொத்தை வேறொருவருக்கு எழுதி வைக்கலாம். ஆனால் வழக்கில் அந்தப் பிள்ளையே இல்லாதது போல் மனுப் போட முடியாது. சுவீகாரமே செல்லாது என்று சொல்பவரும் அதை மனுவில் எழுதி, நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியவரே.

செட்டிநாட்டு அரச குடும்பத்து எம்.ஏ.எம். இராமசாமி அவர்கள் 2015-இல் தம் சுவீகார மகனைத் துறப்பதாக வெளிப்படையாக அறிவித்ததும், அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானதும், சொத்தும் உயிலும் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதும் நம் ஊரில் தெரியாதவர் இல்லை. அதில் யார் பக்கம் நியாயம் என்ற பேச்சுக்குள் நாம் போகவில்லை. எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் சுவீகாரமும் உயிலும் மோதும் இடத்தில் நீதிமன்றப் படி ஏறாமல் தப்ப முடியாது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பிள்ளைகள் சிதறிக் கிடக்கும் காலம் இது. "விலாசம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு உள்ளூர் நாளிதழில் ஒரு விளம்பரம் போட்டு முடிப்பதும் ஆபத்தே. தெரிந்த விலாசத்தை மறைத்தது பின்னால் வெளிப்பட்டால், அதுவே ரத்துக்குக் காரணமாகிவிடும்.

எல்லாக் குறையும் ரத்தில் முடியுமா?

முடியாது. இதற்கு உச்ச நீதிமன்றம் 1955-இல் தீர்த்த ஒரு கல்கத்தா வழக்கு இன்றும் வழிகாட்டி. அனில் பிகாரி கோஷ் எதிர் லத்திகா பாலா தாசி என்பது வழக்கின் பெயர். 1912-இல் எழுதிப் பதிவு செய்த உயில். 1921-இல் புரொபேட் கிடைத்தது. சுமார் 27 ஆண்டுகள் கழித்து அதை ரத்து செய்யக் கேட்டார்கள். நோட்டீஸ் தர வேண்டியவருக்குத் தரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

நோட்டீஸ் தராதது சாதாரணமாக ரத்துக்கு உரிய காரணம்தான் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் சூழ்நிலையைப் பார்க்காமல், குறை இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து ரத்து செய்தே ஆக வேண்டும் என்பதில்லை என்றும் சொன்னது. உயில் பதிவானது, காலம் வெகுவாகக் கடந்துவிட்டது, உயில் பொய் என்று காட்ட உருப்படியான ஆதாரமும் இல்லை. ரத்து கிடைக்கவில்லை. காரணம் நியாயமானதாக இருக்க வேண்டும். வெறும் சடங்குக் குறை போதாது என்பது இதன் சாரம்.

கேள்வி கேட்க யாருக்கு உரிமை?

தெருவில் போகிறவர் எல்லோரும் கேட்டுவிட முடியாது. இதற்கு நாடறிந்த உதாரணம் பிர்லா குடும்ப வழக்கு. பிரியம்வதா தேவி பிர்லா 2004 ஜூலையில் காலமானார். தம் சொத்தைக் கணக்காயர் ராஜேந்திர சிங் லோதாவுக்கு எழுதி வைத்ததாக 1999-ஆம் ஆண்டின் உயில் ஒன்று வெளிவந்தது. பிர்லா குடும்பத்தார் பலர் எதிர்த்தனர். யாருக்கு எதிர்க்க உரிமை உண்டு என்ற கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இறந்தவரின் சொத்தில் ஏதேனும் ஒரு பாத்தியம் இருப்பவரே எதிர்க்க முடியும். உறவு என்பது மட்டும் போதாது என்பதை 2008-இல் வந்த தீர்ப்பு விளக்கியது. கேவியட் போடுவதற்குள்ள இந்த அளவுகோலே ரத்து கேட்பவருக்கும் பொருந்தும். 2004-இல் தொடங்கிய அந்த வழக்கு 20 ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை. முதலில் வழக்காடிய லோதாவும் 2008-இல் காலமாகிவிட்டார். அவர் இடத்தில் மகன் தொடர்ந்தார்.

மூன்று ஆண்டு கெடு

ரத்து கோர வரையறை உண்டா என்று பலர் கேட்பதுண்டு. உண்டு. காலவரையறைச் சட்டத்தின் 137-ஆவது இனப்படி மூன்று ஆண்டு. மங்களூர்க் குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. புரொபேட் கொடுக்கப்பட்டபோது மைனராக இருந்த ஒருவர், மேஜராகி முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து ரத்து கேட்டார். மேஜரான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்று கூறி நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2019-இல் வந்த மற்றொரு தீர்ப்பும் மூன்று ஆண்டு என்பதையே உறுதி செய்தது.

புரொபேட் என்பது ஊர் அறியக் கொடுக்கப்படும் உத்தரவு. அது கொடுக்கப்பட்ட நாளையே கணக்கின் தொடக்கமாக நீதிமன்றம் பார்க்கிறது. "எனக்குத் தெரியாது" என்று பின்னால் சொல்லித் தப்பிவிடலாம் என்ற எண்ணத்தில் யாரும் காலத்தைக் கடத்த வேண்டாம். காதில் விழுந்த அன்றே நகல் மனுப் போட்டு உத்தரவை வாங்கிப் பாருங்கள். புரொபேட் இன்னும் வராமல் வழக்கு நடந்துகொண்டிருந்தால் ரத்து வரை போக வேண்டியதே இல்லை. உடனே கேவியட் போட்டு எதிர்க்கலாம். அப்போது மனு சாதாரண உரிமையியல் வழக்குப் போல சாட்சி, குறுக்கு விசாரணையோடு நடக்கும்.

ரத்தானால் உயில் பொய்யாகிவிடுமா?

இதில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். புரொபேட் ரத்து என்றால் எப்போதும் உயில் பொய் என்று பொருளில்லை. நோட்டீஸ் குறையால் ரத்தானால், வழக்கு பழைய இடத்துக்கே திரும்புகிறது. எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு உயிலை மறுபடி மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தால் மறுபடி புரொபேட் கிடைக்கும்.

ஆனால் அந்த "மறுபடி" இலேசில் நடப்பதில்லை. உயிலுக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். அவர்களில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். பத்து வருஷத்தில் ஒருவர் காலமாகியிருப்பார். இன்னொருவருக்கு நினைவு மங்கியிருக்கும். இருவருமே இல்லையென்றால் கையெழுத்தை அடையாளம் காட்ட வேறு ஆள் தேட வேண்டும். அதோடு, உயிலைச் சுற்றிச் சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்கும் பொறுப்பும் உயிலைக் கொண்டு வந்தவருக்கே. உயிலால் பெரும் லாபம் அடைபவரே அதை எழுதும் ஏற்பாட்டிலும் முன்னின்றார் என்றால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை என்று 1959-ஆம் ஆண்டின் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை உயில் வழக்குகளில் அதை எடுத்துக்காட்டாத வழக்கறிஞர் இல்லை.

அன்றைக்குச் சகோதரிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தால், சாட்சிகள் உயிரோடும் நினைவோடும் இருந்தபோதே விஷயம் முடிந்திருக்கும்.

சரக்குக் கொடுத்தவர், பாக்கி தர வேண்டியவர் கவனத்திற்கு

இனி, குடும்பத்துக்கு வெளியே நிற்கும் நம் விஷயத்துக்கு வருவோம்.

இறந்துபோன மொத்த வியாபாரிக்கு நீங்கள் ரூ. 2 லட்சம் தர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகன் புரொபேட்டைக் காட்டி, நிறைவேற்றுநர் என்ற முறையில் கேட்கிறார். கொடுத்து ரசீது வாங்கிவிட்டீர்கள். அடுத்த வருஷம் புரொபேட் ரத்தாகிறது. தம்பி வந்து, "எங்கள் பாக்கியைக் கொடு" என்கிறார். இரண்டாம் தடவை கொடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 297-ஆவது பிரிவு உங்களைக் காக்கிறது. ரத்தாவதற்கு முன், நல்லெண்ணத்தோடு புரொபேட் பெற்றவரிடம் கொடுத்த தொகை, கடனைத் தீர்த்ததாகவே கருதப்படும். "நல்லெண்ணத்தோடு" என்ற சொல்லைக் கவனியுங்கள். ரத்து வழக்கு நடப்பது தெரிந்தும், அவசர அவசரமாகத் தள்ளுபடி பேசி ஒருவரிடம் முடித்துக்கொண்டால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ரொக்கமாகக் கொடுக்காமல், இறந்தவர் சொத்துக் கணக்கின் பெயருக்கே காசோலையாகக் கொடுத்து, புரொபேட் நகலையும் ரசீதோடு வைத்துக்கொள்வது நல்லது.

புரொபேட்டும் இல்லை, வாரிசுரிமைச் சான்றும் இல்லை, வெறும் உறவு சொல்லி ஒருவர் பாக்கி கேட்டால்? தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று வேறு. இறந்தவருக்கு வரவேண்டிய கடனுக்காக வழக்குப் போட்டால், புரொபேட்டோ நிர்வாகப் பத்திரமோ வாரிசுரிமைச் சான்றோ காட்டாமல் நீதிமன்றம் டிக்ரி கொடுக்காது என்பது 214-ஆவது பிரிவு.

மறுபக்கம், நீங்கள் சரக்குக் கொடுத்தவர். கடைக்காரர் பாக்கியோடு காலமானார். "அவர்கள் உயில் வழக்கு முடியட்டும், பிறகு கேட்போம்" என்று மரியாதைக்காகப் பொறுத்திருப்பது நம் இயல்பு. மரியாதை வேறு, காலக்கெடு வேறு. பாக்கிக்கான மூன்று ஆண்டுக் கெடு, கடைக்காரர் காலமானதால் நின்றுவிடாது. சொத்தைக் கையில் வைத்திருப்பவர்களிடம் எழுத்து மூலம் கேட்டு வையுங்கள். கெடு நெருங்கினால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடையே பூட்டப்படும் நிலை வந்தால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. உயில் வழக்கோ ரத்து வழக்கோ நடக்கும் காலத்தில், சொத்தை நிர்வகிக்கத் தற்காலிக நிர்வாகியை நீதிமன்றம் நியமிக்கலாம். இது 247-ஆவது பிரிவு. அவர் சொத்தைப் பங்கிட்டுத் தர முடியாது. ஆனால் கட்டிக் காக்கலாம், நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடத்தலாம். பிர்லா வழக்கில் 2012-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இப்படி மூவர் குழுவை அமைத்தது. கிடங்கில் மிளகாயும் பருப்பும் வண்டு பிடித்துக் கிடப்பதைவிட, இரு தரப்பும் சேர்ந்து இப்படி ஒருவரைக் கேட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

கூட்டு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டாளி இறந்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றிக் கூட்டு கலைந்துவிடும். உயிலால் பங்கின் மதிப்பை மகனுக்குக் கொடுக்கலாம். கல்லாப் பெட்டியில் உட்காரும் இடத்தைக் கொடுத்துவிட முடியாது. ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

சங்கத்தில் பேசித் தீர்க்கலாமா?

தாராளமாகப் பேசலாம். யாருக்குக் கடை, யாருக்கு வீடு, யாருக்குத் தொகை என்று குடும்பத்தார் ஒத்துப்போய்ப் பாகம் பிரித்துப் பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம். அப்படி முடிந்த குடும்பங்கள் பல. ஆனால் "இந்த உயில் உண்மைதான்" என்று முத்திரை குத்தும் அதிகாரம் பெரியவர்களுக்கும் இல்லை, மத்தியஸ்தருக்கும் இல்லை. 1993-இல் சிரஞ்சிலால் கோயங்கா வழக்கில், உச்ச நீதிமன்றமே நியமித்த மத்தியஸ்தராக இருந்தாலும் உயிலின் உண்மையைத் தீர்மானிப்பது புரொபேட் நீதிமன்றத்தின் வேலை என்று தீர்ப்பாயிற்று. ஆகவே சமரசம் பேசும்போது பங்கைப் பற்றிப் பேசுங்கள். உயிலின் உண்மை பொய்க்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. உயில் எழுதுபவர் தமது சொந்தச் சொத்து எது, பொதுச் சொத்தில் தம் பங்கு எது என்று தனித்தனியே எழுத வேண்டும். கடையின் சரக்கு, பாக்கி, முன்பணம் எல்லாவற்றுக்கும் பேரேட்டைக் குறிப்பிட வேண்டும்.

2. ஒருவருக்கு ஒன்றும் தராமல் விட்டால், ஏன் விட்டோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். பேசாமல் விட்ட இடத்தில்தான் சந்தேகம் முளைக்கிறது.

3. சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக, ஊரில் நிலைத்திருப்பவர்களாக, உயிலால் லாபம் அடையாதவர்களாக இருக்கட்டும்.

4. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்வது நல்லது. ஆனால் பதிவு ஒன்றே உயிலை மெய்ப்பித்துவிடாது. பதிவான உயிலைப் பதிவாகாத பிந்தைய உயில் மாற்றிவிடலாம்.

5. புரொபேட் மனுப் போடுபவர், மகள், சுவீகாரப் பிள்ளை, இறந்த மகனின் மனைவி மக்கள், வெளிநாட்டில் இருப்பவர் என்று ஒருவரையும் விடாமல் விலாசத்தோடு காட்ட வேண்டும். பகையாளிக்கு முதல் நோட்டீஸ் போகட்டும்.

6. புரொபேட் வந்தபின் 6 மாதத்தில் பட்டியல், ஓராண்டில் கணக்கு. இந்தத் தேதிகளைக் கடை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

7. உயில் சொத்தில் கடையோ வீடோ வாங்குபவர் வில்லங்கச் சான்றோடு நிற்காமல், புரொபேட் கொடுத்த நீதிமன்றத்தில் ரத்து மனு ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பர்மா தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறவருக்கும் இது பொருந்தும். விற்பவர் ஒருவராகவும் பங்காளிகள் ஐவராகவும் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நிதானிக்க வேண்டும்.

நம் பெரியவர்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடை நடத்திய காலத்தில், மேலாள் முதல் பெட்டியடிப் பையன் வரை எழுதிய கணக்கைக் காரைக்குடியில் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். ஒருவர் எழுத, மற்றவர் பார்க்க, எல்லோருக்கும் தெரிந்த கணக்காக இருந்ததால்தான் கடல் தாண்டியும் நம்பிக்கை நின்றது. உயிலும் அப்படியொரு கணக்குதான். எல்லோருக்கும் காட்டி வாங்கிய புரொபேட்டை அசைப்பது கடினம். ஒருவரை மறைத்து வாங்கியது நாளைக்கே மேசைக்குத் திரும்பி வரலாம். உயில் எழுதி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அதை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். எழுதாதவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் நாள் கேட்டு வையுங்கள். நாம் காலமான மறுநாளும் கடை வழக்கம் போலத் திறக்க வேண்டும்.